"ராத்திரியே கூட்டில் விட்டுடுங்க" என்று சொல்லும் குஞ்சு வியாபாரியிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வீட்டில் முட்டையிடும் கோழிகளை வைத்துக்கொண்டு, அவற்றோடு சேர்க்கக் கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகள் வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் விற்றவர் வயது, பாலினம், தடுப்பூசி, உடல்நலம் எல்லாவற்றிலும் பொய் சொன்னார். பணம் போனது போகட்டும். குஞ்சுகளைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்ன யோசனை ஒன்று இருக்கிறதே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. "இன்னைக்கு ராத்திரியே பெரிய கோழிங்க தூங்கினதும் கூட்டுக்குள்ள விட்டுடுங்க அக்கா, காலைல எல்லாம் ஒண்ணாயிடும்" என்றார். அதைக் கேட்டு அப்படியே செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் யாராலும் திரும்பிப் போய் அவரைக் கேள்வி கேட்க முடிந்திருக்காது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் கோழிகளுக்கு வயதாகிவிட்டது, முட்டை குறைந்துவிட்டது. ஒருநாள் குஞ்சு வாங்கினால் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை சூடு கொடுக்க வேண்டும், வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, இறகு முழுவதும் முளைக்கும்வரை விளக்கும் கையுமாக இருக்க வேண்டும். இந்த முறை அதற்கு வசதியில்லை என்பதால் வளர்ந்த பெட்டைகளைத் தேடினேன். அவர் கிடைத்தார். இரண்டு மாதம் முடிந்தவை, எல்லாமே பெட்டை, ராணிக்கெட், மாரெக்ஸ், அம்மை என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று, சளியோ கழிச்சலோ கிடையாது, பெரிய கோழிகளோடு மேய்ந்து பழகியவை என்றார். வாய்ப்பேச்சோடு நிற்கக் கூடாது என்று அவ்வளவையும் செய்தியில் எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்.

பகலில் வருவதாகச் சொன்னவர் இருட்டிய பிறகுதான் பெட்டியோடு வந்தார். நான் கோழிக்கூட்டிலிருந்து தள்ளி, தனித் தண்ணீர், தனித் தீவனத்தோடு ஒரு கூண்டு தயாராக வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. தனியாக வைத்தால் குஞ்சு ஏங்கிப் போகும், பிறகு சேரவே சேராது, உடனே சேர்த்தால்தான் பழகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வியாபாரி, விற்று முடிந்த குஞ்சு எந்தக் கூண்டில் படுக்கிறது என்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவது எனக்கு அப்போதே உறுத்தியது. புதிதாக வரும் எந்தக் கோழியையும் குறைந்தது நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்க்காமல் கூட்டத்தில் விடக் கூடாது என்பதில் நான் உறுதி. அதனால் தலையாட்டிவிட்டுத் தனிக்கூண்டிலேயே விட்டேன்.

விடிந்ததும் வயது தெரிந்துவிட்டது. கோழிக்குஞ்சுக்கு இறகு முதலில் இறக்கையிலும் வாலிலும் முளைக்கும், பிறகு உடம்பில். தலையும் கழுத்தும் கடைசி. எட்டு வாரக் குஞ்சு என்றால் தலையில் பிறவி மென்மயிர் இருக்கக் கூடாது. இவற்றில் பாதிக்கு மேல் தலையும் கழுத்தும் இன்னும் மென்மயிராகவே இருந்தன. நான்கு வாரம், மிஞ்சினால் ஐந்து. அதிலும் எல்லாம் ஒரே வயது இல்லை. வெவ்வேறு இடங்களில் சேகரித்து ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார். சிலவற்றுக்குக் கொண்டை அப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தது, அவை சேவல்கள். இவ்வளவு சின்னக் குஞ்சுகளைத்தான் நான்கு மடங்கு எடையுள்ள கோழிகளுக்கு நடுவில் இரவோடு இரவாக விடச் சொன்னார்.

அடுத்தது தடுப்பூசி. அம்மைத் தடுப்பூசியை இறக்கையின் முன்பக்கத்தில் உள்ள மெல்லிய சவ்வில் குத்துவார்கள். ஊசி பலித்திருந்தால் ஏழு முதல் பத்து நாளுக்குள் அந்த இடத்தில் சின்னப் பொருக்கு தெரியும். பத்து நாள் முன்பு போட்டதாக அவர் செய்தியிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தேன், ஒன்றில்கூடத் தடயம் இல்லை. மாரெக்ஸ் ஊசியும் அதே நாளில் போட்டதாகச் சொல்லியிருந்தார். மாரெக்ஸ் ஊசியைப் பொரிப்பகத்திலேயே, குஞ்சு பொரிந்த முதல் நாளில் போடுவார்கள், சில இடங்களில் முட்டைக்குள் இருக்கும்போதே. அந்த வைரஸ் கோழியின் தோல்துகளிலும் தூசியிலும் பரவுவது. குஞ்சு அதைச் சந்திக்கும் முன்பே ஊசி வேலை செய்யத் தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் தூசியில் வளர்ந்த குஞ்சுக்குப் பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை. "போன வாரம் மாரெக்ஸ் போட்டேன்" என்று எந்த வியாபாரியாவது சொன்னால், போடவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் குஞ்சுகள் சுறுசுறுப்பாகவே இருந்தன. அப்புறம் ஒன்று தும்மியது, மறுநாள் இன்னும் சில. கண் ஓரத்தில் நுரை கட்டியது, மூச்சு விடும்போது கறகறவென்று சத்தம். அதோடு எச்சத்தில் ரத்தமும் வந்தது. கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்குவது, ஆம்ப்ரோலியம் மருந்துக்கு அடங்கியது. தும்மல்தான் அடங்கவில்லை. இறந்த குஞ்சு ஒன்றைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். காற்றுப்பைகள் மங்கலாகி, உள்ளே தயிர்க்கட்டி போல் சீழ் படிந்திருந்தது. மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்று முடிவு வந்தது, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மா தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரக்கூடியது. தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் தும்மல் அடங்கும், நுரை மறையும், ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. பிழைத்த கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கும். குளிர், இடமாற்றம், சண்டை என்று ஏதாவது ஒரு நெருக்கடி வந்தால் மறுபடி தும்மும், பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பரப்பும். விற்பதற்கு முன் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்திருப்பார்கள், நிறுத்திய சில நாளில் நோய் மேலே வந்திருக்கிறது என்பது மருத்துவரின் கணிப்பு. வாங்கும் நேரத்தில் குஞ்சு துறுதுறுவென்று இருந்ததற்கு வேறு விளக்கம் எனக்கும் தெரியவில்லை.

வியாபாரிக்குப் போன் செய்தேன். நான் பேசி முடிக்கும் முன்பே, "உங்க பழைய கோழிகிட்டேருந்து ஒட்டியிருக்கும் அக்கா, நம்ம குஞ்சுல ஒண்ணும் கிடையாது" என்றார். ஒரு கணம் யோசிக்கவில்லை. "தம்பி, நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தனிக்கூண்டில்தான் இருக்கின்றன, என் கோழிகள் எதுவும் தும்மவில்லை" என்றேன். எதிர்முனையில் பேச்சில்லை. பிறகு, "அதான் சொன்னேனே, தனியா வெச்சதாலதான் நோய் வந்துச்சு" என்றார். அன்று மாலை அவர் எனக்கு அனுப்பிய செய்திகளையெல்லாம் அழித்துவிட்டார். நான் ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என் எண்ணை எடுப்பதே இல்லை, பணமும் வரவில்லை.

அந்த உரையாடலில்தான் "உடனே சேர்த்துவிடுங்கள்" என்பதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. சேர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தொர்லைஃப் ஷெல்டெருப் எப்பே 1921-லேயே இதை ஆராய்ச்சியாக எழுதிவைத்தார். புதிதாக ஒன்று நுழைந்தால் அந்த வரிசை முழுவதும் குலையும், மீண்டும் நிலைபெறும்வரை கொத்து விழும். திருப்பிக் கொத்தவும் தப்பி ஓடவும் தெரியாத நான்கு வாரக் குஞ்சின் மண்டையில் நாலு கொத்து விழுந்தால் போதும். ரத்தம் கண்டுவிட்டால் மற்ற கோழிகளும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு குஞ்சு செத்தால், "உங்க கோழி கொன்னுடுச்சு" என்பார். கொத்துக்குப் பயந்து தீவனத்துக்கே வராமல் இளைத்துச் செத்தாலும் அதே பதில். முட்டையிடும் பெரிய கோழிகளுக்கான தீவனத்தைத் தின்றாலும் ஆபத்துதான்: அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம், குஞ்சுக்குத் தேவை சுமார் 1 சதவீதம். தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். அதற்கும் "தீவனம் தப்பு" என்பார். நோய் வந்தாலோ, இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் மூச்சு விட்ட பிறகு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்தப் பரிசோதனையைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? எப்படிப் பார்த்தாலும் குற்றம் உங்கள் கூட்டின் மேல்தான் விழும். அவருடைய எல்லாப் பொய்யையும் ஒரே இரவில் அழித்துவிடும் யோசனை அது.

இரவில் விடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அடைக்கோழியின் அடியில் ஓரிரு நாள் குஞ்சுகளை இருட்டில் வைத்தால் பல தாய்கள் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். அது உண்மை, அழகான விஷயமும்கூட. ஆனால் அடையில் இல்லாத கோழிகளுக்கு நடுவில், தாயில்லாத, அரைகுறையாக வளர்ந்த குஞ்சை வைப்பது வேறு. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பதால் அமைதியாக இருக்கும். விடிந்ததும் பார்த்துவிடும், மூடிய கூட்டுக்குள் குஞ்சு ஓடவும் இடமிருக்காது.

பிழைத்த குஞ்சுகளை நான் என் கூட்டத்தோடு சேர்க்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தள்ளி ஒரு கூண்டில், கடைசியாகத் தீவனம் வைத்து, தனிச் செருப்பு போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். அவை செய்த பாவம் என்ன? துள்ளி மேய வேண்டிய வயதில் ஆயுள் முழுவதும் அடைபட்டிருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மீது கோபம் வருகிறது.

பிறகு நம்பகமான பொரிப்பகத்தில், தடுப்பூசிச் சீட்டோடு ஒருநாள் குஞ்சுகளையே வாங்கி வளர்த்தேன். சேர்த்த விதத்தைச் சொல்கிறேன், அவசரப்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல உதவும். இறகு முழுவதும் முளைத்ததும் கோழிகள் மேயும் அடைப்பிலேயே கம்பிவலை கட்டி ஒரு பகுதியைப் பிரித்துக் குஞ்சுகளை விட்டேன். பார்க்கலாம், கொத்த முடியாது. முதலில் வலையருகே சிலிர்த்துக்கொண்டு வந்த கோழிகள், இரண்டு வாரத்துக்கு மேல் போனதும் கண்டுகொள்வதை நிறுத்தின. குஞ்சுகள் பன்னிரண்டு வாரத்தை நெருங்கி, உருவத்தில் கோழிகளுக்கு ஓரளவு ஈடாகும்வரை வலையை எடுக்கவில்லை. எடுத்தபோதும் ஒன்றிரண்டாக விடாமல் மொத்தமாகவே விட்டேன்; தனியாக நுழைவதுதான் அதிகம் அடிபடும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி பல இடங்களில் தீவனமும் தண்ணீரும் வைத்தேன். சாய்த்து வைத்த பலகைகள் ஒளிவதற்கு, இரண்டு பக்கமும் வழியோடு. ஒரே வழியென்றால் மூலையில் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் வளரும் குஞ்சுகளுக்கான வளர் தீவனம்தான், முட்டைக்கோழிகளின் சுண்ணாம்புச்சத்துக்குக் கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். அவை தேவைக்கு எடுத்துக்கொண்டன. ஒரு கொத்து, ஒரு துரத்தல், அதோடு விட்டுவிட்டால் தலையிட வேண்டாம். கீழே அழுத்திப் பிடித்துக் கொத்தினாலோ ரத்தம் வந்தாலோ உடனே பிரிக்க வேண்டும். என் கூட்டத்தில் ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்தியது. அதைச் சில நாள் தனியே அடைத்து வைத்துத் திரும்ப விட்டேன். அதற்குள் அதன் இடம் வரிசையில் இறங்கிவிட்டதால் அடங்கிப்போனது.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில், அவை வளரும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். தலையில் மென்மயிர், கண்ணில் நுரை, வாலுக்கடியில் ஒட்டிய எச்சம், இறக்கைக்கடியில் பேன் இருக்கிறதா என்று கையில் எடுத்தே பாருங்கள். சத்தமில்லாமல் நின்று கொஞ்ச நேரம் மூச்சைக் கவனியுங்கள். தடுப்பூசிக்குத் தேதியும் மருந்துக் குப்பியின் தொகுதி எண்ணும் கேளுங்கள். நான்கு வாரம் தனியாக வைக்கப்போவதாகவும், அதற்குள் நோய் வந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். நேர்மையான வளர்ப்பாளர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், கூட்டில் தும்மல் கேட்கிறது என்றால், தும்முபவற்றை இப்போதே பிரியுங்கள். முடிவு தெரியும்வரை கோழியையோ அடைவைக்க முட்டையையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். நோய் முட்டையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஏதாவது இறந்தால் புதைக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டிய உடலைப் பையில் கட்டிக் குளிர வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்தால் திசுக்கள் கெட்டு உள்ளே பார்ப்பது கடினமாகிவிடும். விற்றவர் அனுப்பிய செய்திகளை அவர் அழிக்கும் முன் படமெடுத்து, மருத்துவ அறிக்கையோடு சேர்த்து வையுங்கள்.