பழைய டீசல் பிக்கப்புக்கு விலை பேசப் போறீங்களா? படிச்சுட்டுப் போங்க, இங்கே 1,39,000 ரூபாய் போச்சு

1,39,000 ரூபாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்ற மச்சான் வாங்கிய பிக்கப்பில், சாவி கைக்கு வந்த பிறகு விழுந்த செலவு இது. பணம் அவருடையது. எஞ்சினைப் பிரித்தது நான், டீசல் வேலைதான் தொழில். எஞ்சின் ஹெட் இன்னும் லேத் பட்டறையிலிருந்து திரும்பவில்லை, அதற்குள் கொட்டிவிடுகிறேன்.

வண்டி 2018 மாடல், பிஎஸ்4, 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல். விளம்பரம் வந்தது பழைய வண்டி விற்கும் ஒரு ஆப்பில். வண்டி நின்றது பக்கத்து மாவட்டத்தில் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில். பெயர் போடவில்லை, கேஸ் போகிற விஷயம். இப்படிப்பட்ட கடை எல்லா பைபாஸிலும் இருக்கிறது, பெயர் தெரிந்து மட்டும் தப்பிக்க முடியாது.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். ஆப்பில் ஆய்வு அறிக்கை என்று ஒன்று: எஞ்சினுக்குப் பச்சை டிக், கியர் பாக்ஸுக்குப் பச்சை டிக், சேசிஸுக்குப் பச்சை டிக், மீட்டர் 92,000 கிலோமீட்டர். "மெக்கானிக்கை எதுக்குங்க அலைய விடறீங்க, ரிப்போர்ட்தான் இருக்கே" என்றார் கன்சல்டிங்காரர். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அவரே கணக்குப் போட்டார். சொன்ன விலை 5,45,000. "பின்னாடி ரெண்டு டயர் போச்சுங்க, நானே சொல்லிடறேன், பதினஞ்சாயிரம் கழிச்சுக்கோங்க. பேட்டரியும் வீக்கு, ஐயாயிரம் கழிச்சுக்கோங்க. உங்க முகத்துக்கு இன்னொரு பத்து." 5,15,000-க்கு முடிந்தது. தன் வண்டியின் குறையைத் தானே சொல்லி விலையைக் குறைக்கிற மனுஷன் மீது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அந்த இருபதாயிரம்தான் தூண்டில் புழு. டயரும் பேட்டரியும் எப்படியும் கண்ணில் படும், எப்படியும் பேரத்தில் வரும். அதை முதலிலேயே கொடுத்துவிட்டால், கண்ணில் படாத எஞ்சினைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இனி எஞ்சின். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக ஐந்தாறு சுற்று கூடுதலாகக் கேட்டது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தி எடுத்தால் இன்னும் மோசம். சூட்டில் ஸ்டார்ட்டிங் சிரமம் என்றாலே இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) ரிட்டர்னை, அதாவது அது திருப்பி அனுப்பும் டீசலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு பாட்டில் நான்கில் விட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓட விட்டால் போதும். ஒன்றும் நான்கும் கொஞ்சமாகச் சொட்டின. இரண்டும் மூன்றும் அதே நேரத்தில் பாட்டிலில் பாதியைத் தாண்டிவிட்டன. உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர், பம்ப் அனுப்புகிற டீசலை டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலில் பிரஷர் ஏறாது, ஸ்டார்ட் ஆகாது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இன்ஜெக்டரின் நாசில் நுனியும் ஒழுகியிருக்கிறது. ஒழுகும் டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் வறண்டு தேயும், மிச்ச டீசல் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றது. மோந்தால் டீசல் வாடை. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து ஆயில் ஊற்றும் வாய் மேல் தலைகீழாக வைத்தேன், மூடி குதித்துத் தள்ளிப் போய் விழுந்தது. பிளோ பை, அதாவது தேய்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை, அந்த அளவுக்கு.

சரி, வாங்கும்போது ஏன் தெரியவில்லை? வடித்த ஆயில், டீசல் எஞ்சினுக்கு வழக்கமாக ஊற்றும் 15W-40 போலவே இல்லை. டீசல் கலந்த பிறகும் தேன் மாதிரி இறங்கியது. கெட்டி ஆயிலோடு புகையை அடக்கும் மருந்தும் ஊற்றியிருக்கிறார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடுகிற வரை அந்த வித்தை தாங்கும். வண்டி பார்க்கப் போனபோது எஞ்சினும் ஏற்கெனவே சூடு. "இப்பத்தான் வாஷிங் போயிட்டு வந்துச்சு" என்று காரணம் சொன்னார்கள். டர்போவிலிருந்து காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸ் வெளியே பளபளப்பு. கழற்றிக் கவிழ்த்தால் உள்ளிருந்து கருப்பு ஆயில்.

மீட்டரில் 92,000. ஒரு நிமிஷம் யோசியுங்கள். லோடு வண்டி ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்று குறைவாகவே வைத்தாலும் 36,000. ஆறு வருடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துக் கேட்டதில், 2022-இலேயே 1,78,000 கிலோமீட்டருக்கு ஜாப் கார்டு (சர்வீஸ் பதிவுச் சீட்டு) போட்டிருக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசு. ஸ்டீயரிங் மேல் பாகம் கண்ணாடி மாதிரி தேய்ந்து கிடக்கிறது. புது ரப்பர் மாட்டியவன் ஸ்டீயரிங்கை மறந்துவிட்டான்.

கீழே படுத்துப் பார்த்தால் அடுத்தது. பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) பிடிக்கும் ஹேங்கர் பக்கம் சேசிஸில் வெல்டிங், மேலே புதுக் கருப்புப் பெயிண்ட். சேசிஸ் முழுக்கப் பழைய தூசி, அந்த ஒரு முழத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் எதற்கு? பட்டையில் கம்பெனி கொடுக்காத ஒரு தட்டு கூடுதல். ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றியவன்தான் பட்டை சேர்ப்பான், அவன் வண்டியில்தான் ஹேங்கர் கிழியும். பச்சை டிக் போட்டவர் கீழே குனிந்தே பார்க்கவில்லை. அந்த அறிக்கையில் இருந்த படங்களில் ஒன்றுகூட அடிப்பக்கத்து படம் இல்லை.

பேப்பரிலும் ஓட்டை. ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தது, இதைத்தான் எச்பி என்பார்கள். "லோன் முடிஞ்சுது, லெட்டர் கையில இருக்கு, எச்பி கேன்சல் பத்து நாள்ல வந்துரும்." காட்டிய லெட்டர், கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் என்ஓசி இல்லை. இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் செட்டில்மென்ட் கடிதம். தேதி முடிந்து, கடைசித் தவணையும் அபராதமும் செக் ரிட்டர்ன் சார்ஜும் சேர்ந்து நின்றிருக்கிறது. என்ஓசியும் ஃபாரம் 35-ம் இல்லாமல் எச்பி நீங்காது, எச்பி நீங்காமல் பெயர் மாறாது. கட்டினால்தான் வண்டி நம் பெயருக்கு வரும் என்ற நிலையில் கட்டித் தொலைத்தாயிற்று.

கணக்கு இது:

இன்ஜெக்டர், பம்ப் வேலை 38,000
ரிங், பிஸ்டன், ஹெட் வேலை, கேஸ்கட், ஆயில், கூலி 61,500
ஃபைனான்ஸ் பாக்கி 18,500
ஹேங்கர், பட்டை, புஷ், வெல்டிங் 14,000
பழைய இ-சலான்கள் (போக்குவரத்து அபராதம்) 7,000

மொத்தம் 1,39,000. வண்டி நின்ற நாட்களின் வாடகை நஷ்டம் இதில் சேரவில்லை. 5,15,000 நல்ல வண்டிக்கு நியாய விலை என்றே வைத்துக்கொண்டாலும், இந்த வண்டியின் விலை 3,76,000. அவர் தள்ளுபடி என்று கொடுத்தது முப்பதாயிரம், பின்பக்கம் எடுத்துக்கொண்டது 1,39,000.

அதற்கப்புறம் வந்த பதில்களைக் கேளுங்கள். முதல் போன்: "டீசல் வண்டின்னா கொஞ்சம் புகை இருக்கத்தாங்க செய்யும்." அடுத்தது: "உங்க டிரைவர் எப்படி ஓட்டினாரோ." மீட்டரைப் பற்றிக் கேட்டால், "எங்களுக்கு வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு, பழைய ஓனரைக் கேளுங்க." பழைய ஓனர் நம்பர் கேட்டால், "அதெல்லாம் கொடுக்கறதில்லைங்க." கடைசியாக டெலிவரி நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "வண்டி உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்." அச்சடித்த வரி, கீழே மச்சான் கையெழுத்து. அதன்பின் நம்பர் பிஸி, எப்போதும் பிஸி.

ஆப் அதைவிட மோசம். புகார் போட்டால் டிக்கெட் நம்பர் வரும். "ஆய்வு நடந்த நாளன்று கண்ணால் பார்க்க முடிந்த நிலையை மட்டுமே அறிக்கை குறிக்கும்" என்று ஒரு பதில் வரும். டிக்கெட் மூடப்படும். திரும்பத் திறந்தால் வேறு பெயரில் ஒருவர் அதே வரியை அனுப்புவார். கண்ணால் பார்க்க முடிந்ததற்கு எஞ்சின் டிக் எதற்கு? எஞ்சினுக்குள்ளே கண்ணை விட்டா பார்த்தார்கள்?

விலை எப்படிப் போடுவது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கோபத்தில் எல்லாம் ஒழுங்காக வராது. வருவதை எழுதுகிறேன்.

விற்கிறவர் சொல்லும் விலையிலிருந்து பேசத் தொடங்காதீர்கள். அதே மாடல், அதே வருடம், அதே டன், உங்கள் மாவட்டத்திலேயே நாலைந்து வண்டி என்ன விலைக்கு முடிந்தது என்று ஸ்டாண்டில் கேளுங்கள். விளம்பர விலை வேறு, முடிந்த விலை வேறு. இன்சூரன்ஸ் பாலிசியில் ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி போடும் மதிப்பு) என்ன என்று பாருங்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், அதன்பின் பேசி முடிவு செய்வது. சந்தையில் விலை அதற்கு மேல்தான் இருக்கும், ஆனால் ரொம்ப மேலே போனால் ஏன் என்று கேட்க ஒரு ஆதாரம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதையும் விலையில் சேர்த்துப் பேசுவார்கள், ஏமாறாதீர்கள்.

எஃப்சி (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) எப்போது முடிகிறது? எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் வருடா வருடம். எட்டை நெருங்கும் வண்டி என்றால் அடுத்த எஃப்சிக்கான பெயிண்ட், பாடி, பிரேக் செலவை இன்றைக்கே கழியுங்கள். ஆர்சியில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள், பதிவு செய்த வருடத்தை மட்டும் வைத்து விலை சொல்வார்கள்.

வண்டி பார்க்கப் போவதாக முதல் நாளே சொல்லாதீர்கள். காலையில் போங்கள், பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். ஆயில் மூடி, டிப் ஸ்டிக், கூலன்ட் மூடி மூன்றையும் திறக்கச் சொல்லுங்கள். கூலன்டில் ஆயில் மிதந்தால் பேச்சே வேண்டாம். கறுப்புப் புகை இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் பக்கம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். லோடு ஏற்றி ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் ஏற்றிப் பாருங்கள், காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பிஎஸ்6 வண்டி என்றால் சைலன்சர் பைப்பில் டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அறுத்து எடுத்த வெல்டிங் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2223 என்றால் 2023-இன் 22-ஆவது வாரம். மீட்டர் 40,000 காட்டி டயர் மூன்றாவது செட் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எச்பி, எஃப்சி, இன்சூரன்ஸ், பிளாக்லிஸ்ட் பாருங்கள், இ-சலானைத் தனியாகப் பாருங்கள். என்ஓசி அசல் கையில் வரும் வரை பாதிப் பணத்தை நிறுத்துங்கள். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கையெழுத்து வாங்குங்கள், வேறு மாநில வண்டி என்றால் ஃபாரம் 28-ம். பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்டிஓ கொடுக்கும் அங்கீகாரச் சான்று, ஃபாரம் 29பி, 2023 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி" வரியை அடித்துவிட்டு, மீட்டர் கிலோமீட்டர், தேதி, நேரம் எல்லாம் பேனாவில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்த மீட்டரின் கதையும் எங்கள் 92,000 மாதிரிதான்.

கேஸ் போட முடியாது, லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது என்று பயமுறுத்துகிறார்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கியவரை நுகர்வோர் என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, எங்கள் 5,15,000-க்கு 200 ரூபாய்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்துவிட்டு, ஜாப் கார்டு நகல், பாட்டில் டெஸ்ட் வீடியோ, வெல்டிங் படம், அந்தத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறோம். துண்டுச் சீட்டில் கன்சல்டிங்காரர் கையெழுத்திலேயே "92 ஆயிரம் கிமீ, எஞ்சின் கேரண்டி" என்று இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்.