பள்ளி திறந்ததும் எதை எழுதச் சொல்லலாம்? மும்பைத் தமிழ் வகுப்புகளுக்கு ஓர் ஒப்பீடு

மும்பையில் ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போது மழையும் கூடவே வந்துவிடும். தாராவியிலோ மாட்டுங்காவிலோ மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் சொல்லித்தருபவர்கள் முதல் வாரம் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பு ‘கோடை விடுமுறையில் நான்’. அதற்குப் போட்டியாக மூன்று பயிற்சிகளை நிறுத்திப் பார்ப்போம்: இரண்டு மெய் ஒரு பொய், பேட்டி, மழைக் குறிப்பு.

விடுமுறைக் கட்டுரையின் ஒரே பலம், ஆயத்தம் எதுவும் வேண்டாம் என்பது. ஆனால் வகுப்பில் சிலர் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போயிருப்பார்கள்; மற்றவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். வீட்டிலிருந்த பிள்ளைக்கு எழுத ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். ஊருக்குப் போன பிள்ளையோ லீவு முழுவதையும் ஒரு பக்கத்தில் அடைக்கப் பார்த்து, ‘போனோம், பார்த்தோம், சாப்பிட்டோம், வந்தோம்’ என்று முடித்துவிடும். இந்தத் தலைப்பை விட மனமில்லை என்றால் சுருக்குங்கள்: ‘லீவில் ஒரு மணி நேரம்’. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்துக்கு நடந்த சண்டையும் ஒரு மணி நேரம்தான், குழாயடியில் குடத்தோடு நின்றதும் ஒரு மணி நேரம்தான். இரண்டு பேருக்கும் சொல்ல விஷயம் கிடைத்துவிடும்.

இரண்டு மெய் ஒரு பொய்க்கு 15 நிமிடம் போதும். தன்னைப் பற்றி மூன்று வாக்கியம், அதில் ஒன்று பொய், எது என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். கலகலப்பில் இதற்கு ஈடு வேறில்லை. ‘நான் விமானம் ஓட்டினேன்’ என்று யாராவது எழுதினால் மட்டும் ஆட்டம் அங்கேயே சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பெயரோ இடமோ எண்ணோ இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ‘தாத்தா வீட்டில் ஆடு உண்டு’ என்பது ‘தாத்தா வீட்டில் நாலு ஆடு, அதில் ஒன்றுக்கு ஒரு காதுதான்’ என்று மாறும். பொய்யை நம்பவைக்கத்தான் விவரம் தேவை என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மூன்று வாக்கியத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

முதல் வாரத்துக்கு எங்கள் தேர்வு பேட்டி: ஜோடியாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, மற்றவரைப் பற்றி எழுதுவது. எழுதியதைப் படிக்கப்போகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தப்பாக எழுதினால் ‘எனக்கு ரெண்டு அக்கா, ஒண்ணு இல்ல’ என்று அவரே திருத்திவிடுவார். ஒரே சந்தில் குடியிருப்பவர்களை ஜோடி சேர்க்காதீர்கள், கேட்க எதுவும் இருக்காது. முதல் பீரியடில் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதி, ஆளுக்கு ஐந்து நிமிடம் கேட்கட்டும். பதிலை ஓரிரு சொல்லில் குறித்தால் போதும். அடுத்த பீரியடில் ஆறு முதல் எட்டு வாக்கியம். எல்லாவற்றையும் ஒரே பீரியடில் முடிக்கப் பார்த்தால் எழுதத் தொடங்கும்போது மணி அடித்துவிடும்.

கேள்விதான் இதன் உயிர். ‘பிடித்த நிறம் என்ன?’ என்றால் ‘நீலம்’, அதோடு சரி. ‘உங்க வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? எழுந்ததும் என்ன செய்வார்?’ என்றால் ஒரு பத்தியே கிடைக்கும். இப்படி இரண்டு கேள்விகளைப் பலகையில் எழுதிக் காட்டிவிட்டு மற்றதை அவர்களிடம் விடுங்கள். பதில் இந்தியிலோ மராத்தியிலோ வந்தாலும் தடுக்க வேண்டாம். தமிழில் எழுதுவது கேட்டவர் வேலை. தமிழ் தயங்கும் பிள்ளையும் இதில் ஒதுங்காது.

பிள்ளைகள் எழுதும் பக்கங்களில் ‘மழை பேய்தது’, ‘பென்சில் கோடுத்தான்’ என்று வருவதைப் பார்க்கலாம். இது கவனக்குறைவு அல்ல. இந்தி, மராத்தி எழுதும் தேவநாகரியில் எ–ஏ, ஒ–ஓ என்ற குறில் நெடில் பிரிவு கிடையாது. ஒரே குறிக்குப் பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. முதல் வாரம் சிவப்பு மை வேண்டாம். ‘கொடு–கோடு’, ‘பெய்–பேய்’ என்று பலகையில் எழுதி உரக்க வாசிக்கவைத்து, இந்த ஒன்றை மட்டும் அவரவர் நோட்டில் அவரவரே தேடட்டும். எல்லாப் பிழையையும் வட்டமிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை எழுத்து தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

மழைக் குறிப்பு என்பது தினமும் மழையை அளந்து நோட்டில் எழுதுவது. மெதுவாகச் சூடுபிடிக்கும், ஆனால் செப்டம்பர்வரை ஓடும். பக்கங்கள் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலைக் கழுத்துச் சரிவு முடியும் இடத்தில் வெட்டி, மேல்பகுதியை மூடியில்லாமல் தலைகீழாகச் செருகி டேப் ஒட்டுங்கள். காற்றில் சாயாமலிருக்க அடியில் கூழாங்கல். கல் முழுதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். கல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையளவு கூடுதலாகக் காட்டும். மரத்தடியும் கூரையோரமும் ஆகாது. வானிலைத் துறை கொலாபாவிலும் சாந்தாகுரூஸிலும் காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. காலை ஷிப்ட் பிள்ளைகள் அதே நேரத்தில் அளந்து ஒப்பிடலாம். மதிய ஷிப்ட் என்றால் தினமும் ஒரே நேரம் என்பது போதும். சாந்தாகுரூஸில் 2005 ஜூலை 26 அன்று பதிவான 944 மில்லிமீட்டரைச் சுவரில் நூல் கட்டிக் காட்டினால், நூல் எந்தப் பிள்ளையின் இடுப்பைத் தாண்டுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

நாளுக்கு மூன்று வரி: அளவு, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது. நாலாம் நாள் எல்லா நோட்டிலும் ‘இன்று மழை பெய்தது’ என்றே இருக்கும். அன்று ‘மழை’ என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். தார்ப்பாய், நனைந்த செருப்பு, நின்றுபோன லோக்கல் ரயில் எல்லாம் வரிசையாக உள்ளே வரும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, வாரம் ஒரு தமிழ் வகுப்புக்கு மட்டும் வரும் பிள்ளைகளுக்குப் பாட்டில் வீட்டு மாடியிலேயே இருக்கலாம். பேட்டியை ஊரிலிருக்கும் பாட்டியிடம் போனில் எடுக்கட்டும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் அம்மா அப்பா இடையில் புகுந்து பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.