கோள் அச்சிடாத அட்டையில் கோள் தேடுவது

வெறுங்கண்ணால் கோள் பார்க்க பிளானிஸ்பியர், அதாவது தேதியும் நேரமும் பொருத்தி நட்சத்திரங்களைப் பார்க்கும் சுழல் அட்டை, வாங்கலாமா என்று கேட்டால், "அதில் கோளே இருக்காதே" என்பார்கள். உண்மைதான். என்னிடம் இருக்கும் சுழல் அட்டையில் வெள்ளியும் இல்லை, வியாழனும் இல்லை. நட்சத்திரங்கள் தங்களுக்குள் இடம் மாறாமல் இருப்பதால்தான் அவற்றை ஒரு வட்டில் அச்சடித்துச் சுற்ற முடிகிறது. கோள்கள் அதற்கு ஒத்துவராது. ஆனாலும் கோள் பார்க்கப் போகும்போது போனில் உள்ள வான்வரைபடச் செயலியை விட இந்த அட்டையைத்தான் அதிகம் எடுத்துப் போகிறேன்.

அமைப்பு எளிது. உள்ளே நட்சத்திர வட்டு, மேலே முட்டை வடிவில் ஜன்னல் வெட்டிய உறை. வட்டின் ஓரத்தில் இருக்கும் தேதியை உறையில் இருக்கும் மணிக்கு நேராகத் திருப்பினால், அந்த நேரத்து வானம் ஜன்னலுக்குள் வந்துவிடும். எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோமோ அந்தத் திசை கீழே வரும்படி பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கோள் தேடுகிறவருக்கு இதில் வேண்டியது ஒரே ஒரு கோடு. சூரியன் வருஷம் முழுக்க நகரும் பாதையை வட்டில் வரைந்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களும் அந்தக் கோட்டை விட்டுப் பத்துப் பாகைக்கு மேல் விலகாது. கையை நீட்டி முஷ்டியை மூடினால் வரும் அகலம் ஏறக்குறைய அந்தப் பத்துப் பாகை. கோட்டை ஒட்டிப் பளிச்சென்று தெரியும் நட்சத்திரங்கள் சிலதான்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. இவற்றை அட்டையில் பார்த்து அடையாளம் கண்டுகொண்டால், மிச்சம் என்ன என்று தேடலாம். வானத்தில் அந்தப் பாதையில் ஒன்று பிரகாசமாக நிற்கிறது, அட்டையில் அந்த இடம் காலி என்றால், அது கோள். செவ்வாயையும் கேட்டையையும் நிறத்தை வைத்துப் பிரிப்பது சிரமம், இரண்டும் சிவப்பு. அட்டையில் கேட்டைக்கு இடம் உண்டு, செவ்வாய்க்கு இல்லை. விஷயம் அங்கேயே முடிந்தது. சனி அவ்வளவு பிரகாசம் இல்லை, மங்கிய மஞ்சள். ஆனால் 2026ல் அது மீன ராசிப் பக்கம் இருக்கிறது. அங்கே வேறு பிரகாசமான நட்சத்திரம் கிடையாது என்பதால் தப்பவே தப்பாது.

இனி குறைகள். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்கச் சிவப்பு விளக்கில் படிக்கச் சொல்வார்கள். என் அட்டையில் சூரியப் பாதையை அச்சடித்திருப்பதும் சிவப்பு மையில்! விளக்கைப் போட்டதும் கோடு மாயமாகிவிடும். வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் சிவப்பு ஒளியில் ஒன்றாகத்தான் தெரியும் என்பது வடிவமைத்தவருக்குத் தோன்றவே இல்லையா? கறுப்புப் பேனாவால் கோடு முழுவதையும் நானே மறுபடி வரைந்தேன்.

அடுத்தது, வட அரைக்கோளத்துக்கான அட்டைகளில் தெற்கு வானம் இழுத்துவிட்டது போல விரிந்திருக்கும். உருண்டையைத் தட்டையாக்கினால் வரும் கோளாறு அது. நம் பாதை விருச்சிகம், தனுசு வழியாகப் போகும் பகுதி அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. தெற்குக்குப் பின்பக்கத்தில் தனிப் படம் போட்ட இருபக்க அட்டைகள் உண்டு, அவை தேவலை.

நான் இதைக் கைவிடாததற்குக் காரணம் அந்தத் திறந்த ஜன்னல். மேலே பிளாஸ்டிக் தாள் இல்லாததால் வட்டின் மேலேயே பென்சிலால் எழுத முடிகிறது. வியாழன் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. சில வாரம் கழித்து இன்னொரு புள்ளி. புள்ளிகள் கிழக்கே போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் நெருங்கி, நின்று, மேற்கே திரும்பும். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய் வியாழனை முந்துவதால் வரும் தோற்றம் அது. ஏறக்குறைய நான்கு மாதம் பின்னால் போய்விட்டு மறுபடி கிழக்கே கிளம்பும். வக்கிரம் என்று கேள்விப்பட்டது என் அட்டையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கொண்டை ஊசி வளைவாகக் கிடக்கிறது. செயலியில் விரலால் தேதியைத் தள்ளினாலும் இது தெரியும்தான், ஆனால் அது நான் பார்த்து வைத்த புள்ளி இல்லையே. பனியில் அட்டை ஊறிப்போவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

செயலியை மட்டம் தட்டவில்லை. புதனுக்கு அதுதான் சரி. சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் போகாத கோள் அது, அந்தி வெளிச்சத்தில் அடிவானத்தை ஒட்டி நிற்கும். எந்த வாரம் தேடலாம் என்று இந்த அட்டை சொல்லாது. வெள்ளிக்கு இரண்டுமே வேண்டாம். மற்றபடி செயலியில் எனக்கு எரிச்சல், நெப்டியூனையும் வியாழன் அளவுக்கு வரைந்து காட்டுவது. வெறுங்கண்ணுக்கு எட்டாத கோளை வெற்று வானத்தில் தேடவிட்டுவிடும். இரும்புக் கம்பி பக்கத்தில் போனால் போனில் இருக்கும் திசைகாட்டியும் தடுமாறும், செயலி திசையைத் தப்பாகக் காட்டும்.

வாங்குவதானால் உங்கள் ஊரின் அட்சரேகைக்கானதா என்று பாருங்கள், ஐந்து பாகை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பின்பக்கத்தில் கோள்களின் இருப்பிட அட்டவணை இருந்தால் அது எந்த வருஷம் வரை என்று பாருங்கள். காலாவதியான அட்டவணையோடு விற்பதும் உண்டு. பாதை எந்த நிற மையில் இருக்கிறது என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.