‘கார்பைடு’ என்ற பெயரில் விற்கப்படும் போலிச் சுரண்டிகள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய வண்ணப்பூச்சையும் துருவையும் கையால் பெயர்த்தெடுக்க உதவும் சுரண்டிகளின் தொகுப்பு ஒன்றை, விளம்பரத்தில் கண்ட விவரங்களை நம்பி இணையவழியில் வாங்கினேன். வந்து சேர்ந்தது சொன்ன பொருளாக இல்லை. அதைப் பயன்படுத்தியதில் பழைய மரக்கதவு ஒன்றில் ஆழமான கீறல்கள் விழுந்தன. முறையிட்டபோது விற்பனையாளர் பொறுப்பை முழுவதுமாகத் தட்டிக்கழித்தார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே தொகுப்பு, இதே படங்களுடன், வேறு வேறு பெயர்களில் விற்கப்படுவதைப் பின்னர் கண்டேன். ஆகவே ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதைவிடப் போலியின் அடையாளங்களைத் தெரிந்துகொள்வதே வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

இரு கைகளாலும் பிடித்து இழுக்கும் சுரண்டியின் அலகு, எஃகைவிட மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு என்ற பொருளால் ஆனது என்றும், தள்ளிச் சுரண்டும் தகடுகளின் எஃகு கைப்பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிறது என்றும், மரம், இரும்பு, சுவர் என எந்தப் பரப்பிலும் இவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தது. ‘எஸ்.டி. 3 தரம்’ என்ற முத்திரை வேறு பெட்டியின் மேல் பெரிதாக இருந்தது. அலகின் கடினத்தன்மைக்குச் சான்றாக, அதைக் கொண்டு கண்ணாடியில் கோடு கிழிக்கும் காணொளி ஒன்றையும் இணைத்திருந்தார்கள்.

முதல் சில இழுப்புகளில் வண்ணப்பூச்சு ஒழுங்காகவே பெயர்ந்து வந்தது. ஆனால் கதவின் ஒரு பலகையை முடிப்பதற்குள்ளாகவே அலகு வழுக்கத் தொடங்கியது. கூர் மடிந்துபோன சுரண்டி, வண்ணப்பூச்சின் அடியில் நுழையாமல் அதன் மேல் சறுக்கும். சறுக்குவதை ஈடுகட்டக் கை தானாகவே கூடுதல் அழுத்தம் கொடுக்கும். அழுத்தம் கூடியதும் அலகின் இரு மூலைகளில் ஏதேனும் ஒன்று மரத்துக்குள் இறங்கிவிடும். அப்படித்தான் அந்தக் கதவில் தேய்த்து மறைக்க முடியாத கீறல்கள் விழுந்தன. மலிவான சுரண்டியால் ஏற்படும் இழப்பு அதன் விலையோடு முடிந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருவி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். நல்ல பழைய மரத்தின் மேற்பரப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரும்புக் கிராதியில் நிகழ்ந்தது வேறுவகைக் கேடு, அது கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றக்கூடியது. மழுங்கிய அலகு துருவைப் பெயர்க்காமல், அதன் மேல்தோலை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கியது. பார்ப்பதற்குச் சுத்தமான உலோகம் போலத் தோன்றிய அந்த இடத்தில் வேறொரு நல்ல தகட்டை வைத்து நெம்பிப் பார்த்தபோது துரு செதில் செதிலாக எழும்பியது. அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசியிருந்தால், பூச்சு துருவோடு சேர்ந்து உதிர்ந்திருக்கும். அதே நாளில் தள்ளிச் சுரண்டும் தகடு ஒன்று பிடியிலிருந்து கழன்று வந்தது. பிடியைப் பிளந்து பார்த்தேன். அடிவரை ஓடுவதாகச் சொல்லப்பட்ட எஃகு, விரல் நுனியளவுகூட உள்ளே போகவில்லை, வெறும் பசையில் நின்றிருந்தது. பிடியின் இரு முனைகளிலும் தெரிந்த எஃகும் ரிவெட்டுகளும் பார்வைக்காக ஒட்டப்பட்ட துண்டுகளே.

அலகின் மேல் ஓர் அரத்தை வைத்து இழுத்தபோது உண்மை முழுவதும் வெளிப்பட்டது. அரம் எளிதாகக் கடித்து, வெள்ளித் துகள்களை உதிர்த்தது. டங்ஸ்டன் கார்பைடாக இருந்தால் அரத்தின் பற்கள்தான் தேய்ந்திருக்கும்.

விற்பனையாளரின் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. நான் அளவுக்கு மீறி அழுத்தியதால் கூர் போயிற்று என்று முதலில் எழுதினார். அரம் கடிக்கும் படத்தை அனுப்பியபின், அலகு முழுவதும் கார்பைடு என்று சொல்லவில்லை, கார்பைடு பூச்சுதான் என்றார். அந்தப் பூச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டதும், சுரண்டி தேயக்கூடிய பொருள், பயன்படுத்தியபின் திரும்பப் பெற இயலாது என்று முடித்துவிட்டார். நான் இணையத்தில் எழுதிய மதிப்புரையை நீக்கினால் அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருவதாகவும் ஒரு செய்தி வந்தது; நான் ஏற்கவில்லை. இதற்கிடையே விளம்பரத்தில் இருந்த ‘டங்ஸ்டன் கார்பைடு அலகு’ என்ற சொற்கள் ‘கார்பைடு போன்ற உறுதி’ என்று மாற்றப்பட்டிருந்தன. மழுங்கிய அலகைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தீட்டிக்கொள்ளுமாறு அவர் அளித்த அறிவுரையும் தவறானது. துவைச்சல் ஏற்றிய, அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டும்போது நீலம் பாரிக்கும். மெல்லிய விளிம்பில் அந்த நீலம் தெரிந்துவிட்டால், அந்த இடத்தின் கடினம் குறைந்துபோயிற்று என்று பொருள். எஃகு அலகை அரத்தால், அதன் சரிவுக்கோணம் மாறாமல், ஒரே திசையில் தள்ளித் தீட்டுவதே முறை. கார்பைடு அலகை அரம் தொடவே முடியாது. அதற்கு வைரத் துகள் பதித்த கல் வேண்டும்.

உண்மையான கார்பைடு அலகை அடையாளம் காண்பது கடினமன்று. சுரண்டியின் அலகு கழற்றக்கூடியதாக இருந்தால், திருகுத் துளையுடன் கூடிய அந்தச் சிறு அலகு பெரும்பாலும் முழுவதும் கார்பைடாக இருக்கும். கழற்ற முடியாத வகையில், எஃகின் விளிம்பில் கார்பைடுத் துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும், இரண்டுக்கும் இடையே நிறம் மாறுபட்ட மெல்லிய கோடு தெரியும். அலகு முதல் உடல்வரை ஒரே உலோகமாக, ஒரே நிறமாக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். எடையும் ஒரு சான்று: டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம், எஃகுக்கு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கழற்றிய கார்பைடு அலகு, அதே அளவுள்ள எஃகு அலகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனக்கும். காந்தத்தை நம்ப வேண்டாம். கார்பைடுத் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட் காரணமாக, அசல் அலகும் காந்தத்தில் ஓரளவு ஒட்டும். கண்ணாடியில் கோடு கிழிக்கும் காணொளி எதையும் நிரூபிக்காது, ஏனெனில் நன்றாகத் துவைச்சல் ஏற்றிய சாதாரண எஃகும் கண்ணாடியைக் கீறும். எனக்கு வந்த அலகோ கண்ணாடியில் தடம்கூடப் பதிக்கவில்லை. காணொளியில் காட்டியது வேறு அலகாகத்தான் இருக்க வேண்டும்.

கார்பைடுதான் வேண்டும் என்ற கட்டாயமும் எல்லா வேலைக்கும் இல்லை. அது நீண்ட நாள் கூர் தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. மரத்தில் மேலெழுந்து நிற்கும் ஆணித்தலை ஒன்றில் மோதினால் விளிம்பு பெயர்ந்துவிடும். எனவே ஆணிகளை முதலில் உள்ளே இறக்கிவிட வேண்டும். நல்ல கரிம எஃகு அலகும், அருகில் ஓர் அரமும் இருந்தால், வேலைக்கிடையே அடிக்கடி தீட்டிக்கொண்டு பெரும்பாலான மரவேலையை அருமையாக முடிக்கலாம். தள்ளிச் சுரண்டும் தகட்டை வாங்கும்போது அதை வளைத்துப் பாருங்கள். பட்டி பூசும் தகடு வளைய வேண்டும். சுரண்டும் தகடு விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், பட்டித் தகட்டையே சுரண்டி என்று விற்பவர்கள் உண்டு. ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற பெயரும் தரத்துக்கு உறுதியாகாது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகை எஃகைச் சூடேற்றித் துவைச்சல் கொடுத்துக் கடினமாக்க முடியாது. அதில் செய்த தகடு கூர் தாங்காது. அத்தகைய எஃகில் காந்தம் பொதுவாக ஒட்டாது என்பதால், கார்பைடுக்கு உதவாத காந்தம் இங்கே ஓரளவு உதவும். எஃகு பிடியின் அடிவரை ஓடுகிறதா என்பதை, பிடியின் இரு பக்க விளிம்புகளிலும் உலோகம் இடைவெளியின்றித் தொடர்ந்து தெரிகிறதா என்று பார்த்து அறியலாம். பூண் போட்டு மூடிய பிடிகளில் இதைக் காண முடியாது.

ஒரே அலகு எல்லாப் பரப்புக்கும் பொருந்தும் என்ற வாக்குறுதியைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். அகலமான அலகு சமதளத்துக்கு. குறுகிய அலகு அழுத்தத்தை ஓரிடத்தில் குவிப்பதால் விடாப்பிடியான பூச்சுக்கும் ஓரங்களுக்கும். மென்மையான மரத்துக்கு அலகின் இரு மூலைகளையும் அரத்தால் இலேசாக உருட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கீறல் விழுவதைத் தவிர்க்க இயலாது. துருப்பிடிக்காத எஃகுப் பரப்பில் சாதாரணக் கரிம எஃகுச் சுரண்டியைப் பயன்படுத்தவே கூடாது. அது விட்டுச்செல்லும் இரும்புத் துகள்கள் பின்னர் துருப்பிடித்துப் பரப்பைக் கறையாக்கும். எளிதில் தீப்பற்றும் ஆவி சூழ்ந்த இடங்களில் எஃகுச் சுரண்டி பொறி எழுப்பக்கூடும் என்பதால் அங்கே அலுமினிய வெண்கலம் போன்ற உலோகத்தால் செய்த கருவிகள் தேவை. இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரு வரியில் மறைக்கும் விளம்பரம், கருவியைப் பற்றி ஒன்றும் அறியாதவரால் எழுதப்பட்டது, அல்லது அறிந்தே ஏமாற்றுபவரால் எழுதப்பட்டது.

‘எஸ்.டி. 3’ முத்திரையும் அத்தகையதே. ஐ.எஸ்.ஓ. 8501-1 என்ற பன்னாட்டுத் தரநிலையில் எஸ்.டி. 2, எஸ்.டி. 3 என்பவை கைக்கருவியாலும் விசைக்கருவியாலும் சுத்தம் செய்யப்பட்ட எஃகுப் பரப்பின் நிலையைக் குறிப்பவை. எண்ணெய், மசகு, அழுக்கு ஆகியவையும், பிடிப்பில்லாத துருவும் பழைய பூச்சும் நீங்கியிருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது, எஸ்.டி. 3இல் சுத்தம் இன்னும் முழுமையாக நடந்து, உலோகத்தின் மினுமினுப்பு தெரிய வேண்டும். அது வேலையின் தரம். எந்தச் சுரண்டிக்கும் அந்தத் தரத்தைச் சூட்டி விற்க முடியாது.

பெட்டிக்குள் இருந்த பயன்பாட்டுத் தாள், பழைய பூச்சை உலர்ந்த நிலையிலேயே சுரண்டிப் பின்னர் துடைப்பத்தால் கூட்டிவிடலாம் என்று சொன்னது. இதை நான் கடுமையாகக் கண்டிக்கிறேன். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும்; குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஏதும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. ஈயம் இல்லை என்று சோதனையில் உறுதியாகும்வரை, இருப்பதாகவே கொண்டு வேலை செய்ய வேண்டும். சுரண்டும் இடத்தில் நீரை மெல்லத் தெளித்து ஈரமாக்கி, தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, நுண்துகளைத் தடுக்கும் சுவாசக் கவசம் அணிந்து, குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்த இடத்துக்கே வரவிடாமல் செய்ய வேண்டும். துடைப்பம் நுண்தூசியைக் காற்றில் எழுப்பும். விரிப்பைத் துகள்களோடு உட்புறமாக மடித்து எடுத்து, மிச்சத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஈரப்படுத்திய பரப்பில் நல்ல அலகு, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, சீரான இலேசான அழுத்தத்தில் இழுக்கும்போது பூச்சைச் சுருள் சுருளாக எழுப்பும். சுருள் வருவது நின்று தூள் வரத் தொடங்கினால் கூர் குறைந்துவிட்டது. அங்கேயே நிறுத்தித் தீட்ட வேண்டும். பெயராமல் உறுதியாகப் பிடித்திருக்கும் பூச்சை வலிந்து அகற்றத் தேவையில்லை, அதன் விளிம்பு படிபோல் நிற்காமல் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துவிட்டால் போதும்.

ஏற்கெனவே இத்தகைய தொகுப்பை வாங்கிவிட்டவர்கள், ஒரு பரப்பிலும் வைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். ‘பயன்படுத்திவிட்டீர்கள்’ என்ற ஒரே சொல்லில்தான் என் முறையீடு தள்ளப்பட்டது. பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். அலகைக் கழற்றி எடை போடும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரத்தை வெட்டும் விளிம்பில் வைக்காமல், பின்பக்க மூலை ஒன்றில் மட்டும் இலேசாக வைத்துப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தை முழுவதுமாக, தேதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் பக்கத்தின் சொற்களை மாற்றிய பிறகும், எனக்கு வந்த ஆணை உறுதி மின்னஞ்சலில் ‘டங்ஸ்டன் கார்பைடு அலகு’ என்ற பழைய தலைப்பு அப்படியே இருந்தது. பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கியிடம் அதை வைத்தே முறையிட்டிருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை.