வகுப்பா, பட்டறையா, கந்தோர் வரிசையா?

இலங்கையின் வடக்கே, வன்னியில் வீடில்லாத இளைஞனைத் தெருவோரத்தில் தேடினால் கிடைக்கமாட்டான். ஏதாவது ஒரு கராஜின் பின்புறத்தில், டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்திருப்பான். மாரி காலத்தில் பெரியம்மா வீட்டு விறாந்தை, வேலை கிடைத்தால் கட்டடச் சாந்து காயாத அறை என்று மாறிக்கொண்டிருப்பான். பெண்பிள்ளை இன்னும் கண்ணில் படமாட்டாள். தூரத்து உறவினர் வீட்டில் சம்பளமில்லாமல் சமைத்துக்கொண்டும் குழந்தை பார்த்துக்கொண்டும் இருப்பாள். ஊர் அவளை "அந்த வீட்டுப் பிள்ளை" என்றே கணக்கெடுக்கும்.

இவர்களில் பலர் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தவர்கள். 18 வயதானதும் இல்லத்துப் படலை அவர்களுக்குப் பின்னால் சாத்தப்படுகிறது. போர் முடிந்த 2009 இல் தவழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு இப்போதுதான் அந்த வயது. போருக்குப் பிறகு பிறந்து, உடைந்த குடும்பங்களிலிருந்து இல்லத்துக்கு வந்தவர்கள் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள்.

"கிழமையில் ஒரு நாள் ஒதுக்கலாம், என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மூன்று வழிகளில் நானே இறங்கிப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் சறுக்கியும் இருக்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சனிக்கிழமை வகுப்பு. கணினி, பேச்சு ஆங்கிலம், நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது. தொண்டருக்கு இது வசதி: இரண்டு மணி நேரம், ஒரு கரும்பலகை, இருபது பேர், முடிந்ததும் வீடு. ஆனால் வரவேண்டியவன் வரமாட்டான். சனிக்கிழமைதான் கராஜில் வேலை கூடிய நாள். அரிவு வெட்டு தொடங்கினால் நாட்கூலியை விட்டுவிட்டு யார் ஆங்கிலம் படிப்பார்? நான் நடத்திய வகுப்புக்கு முதல் கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள், ஆறாம் கிழமை நான்கு பேர். அந்த நால்வருக்கும் வீடு இருந்தது, சோறு கட்டிக்கொடுக்கத் தாய் இருந்தார். யாருக்காகத் தொடங்கினேனோ அவர்களில் ஒருவரும் இல்லை.

ஒரேயொரு வகுப்புக்கு மட்டும் கதிரை போதவில்லை. நான் தொழிலால் கணக்காளன், அதனால் சம்பளச் சீட்டு வாசிப்பதைப் பற்றி ஒரு நாள் பேசினேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கை எழுந்து, "மாதா மாதம் கம்பனி எங்கள் காசை வெட்டுகிறது" என்றாள். வெட்டுவது, ஓய்வுக்காக அவள் பெயரில் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம். அதற்கு மேலாக முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் முதலாளியின் பொறுப்பு. இதைப் பலகையில் எழுதியபோது அங்கிருந்த அமைதியை நான் வேறெந்த வகுப்பிலும் கண்டதில்லை. பேச்சுச் சிங்கள வகுப்புக்கும் ஆட்கள் கேட்டு வருகிறார்கள். உதிரிப்பாகம் கொண்டுவரும் லொறிக்காரரோடு பேச ஆங்கிலம் உதவாது. எனவே வகுப்புத்தான் என்று முடிவெடுத்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுக்கலாம். தலைமைத்துவப் பண்புகள் பற்றிய வகுப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, ஒரு தொழிலில் சேர்த்துவிடுவது. இதில் பயிற்சி நிலையமா, பட்டறையா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பயிற்சி நிலையத்தின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. கையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். ஏழு மட்டங்கள் கொண்ட அந்த அளவுகோலில் நான்காம் மட்டம் வரை ஏறியவனைத் தேர்ந்த தொழிலாளி என்று ஏற்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கும் அந்தத் தாள் பேசும்.

ஆனால் பயிற்சி முடியும் மட்டும் எதை உண்பது, எங்கே படுப்பது? விடுதி கிடைத்தாலும் கதை முடியாது. ஒரு பிள்ளையை நான் விடுதியுள்ள ஓர் இடத்தில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். தைப்பொங்கலுக்கு விடுதியைப் பூட்டினார்கள். எல்லோரும் ஊருக்குப் போக, அவன் நான்கு இரவுகளைப் பஸ் நிலையத்தில் கழித்தான். என்னிடம் சொல்லவில்லை, திரும்பி வகுப்புக்கும் போகவில்லை. பொங்கலைப் பற்றி நான் யோசித்திருக்கவேண்டும். என் வீட்டில் அன்று பொங்கல் மிஞ்சியது.

பட்டறையில் முதல் நாளே தேநீரும் மதியச் சோறும் உண்டு, இரவுக்கு நிலமும் உண்டு. மேசன் வேலை, மரவேலை, மோட்டார் சைக்கிள் திருத்தம் எதுவானாலும் கை பழகுவது அங்கேதான். கெட்டது என்னவென்றால், மூன்று வருடம் போனாலும் சாவி எடுத்துக்கொடுக்கும் பையனாகவே வைத்திருக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அதைவிடக் கெட்டது, வேலையும் படுக்கையும் ஒரே ஆளின் கையில் இருப்பது. வாய் திறந்து கூலி கேட்டால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். பெண்பிள்ளைகளை இப்படி வேலையும் தங்கலும் ஒரே பூட்டுக்குள் இருக்கும் இடத்தில் சேர்க்கவே கூடாது.

இருந்தும், வீடில்லாதவருக்குப் பட்டறை முதலில், சான்றிதழ் பிறகு என்பதே என் பக்கம். இதற்கு ஒரு கதவு திறந்திருப்பது பலருக்குத் தெரியாது. பட்டறையில் கற்றவன், வகுப்பில் இருந்து படிக்காமலே, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குப் போய் அதே தேசிய தொழில் தகைமையைப் பெறலாம். செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம், விண்ணப்பம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க எழுத்து வேலை தெரிந்த ஒருவர் தேவை. ஒரு தொண்டர் அழகாகச் செய்யக்கூடிய வேலை அது.

மூன்றாவது வழிக்குப் பெயரில்லை. ஒருவரோடு கூடப் போவது, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன், நல்ல கைக்காரன். அவனிடம் தேசிய அடையாள அட்டை இருக்கவில்லை. பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம், வளர்ந்தது வவுனியாவில் ஓர் இல்லத்தில், படுப்பது பரந்தனில். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய்விட்டது. எந்தக் கிராம அலுவலர் அவனைத் தன் பிரிவு ஆள் என்று சொல்வார்? தனியே போன இரண்டு தடவையும் ஒரு கந்தோரில் "பிறகு வா" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை நான் கூடப் போனேன். அதே மேசையில் எனக்குக் கதிரை போட்டார்கள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றேன், அதுதான் என் தொண்டு. வெட்கமாக இருந்தது. ஐந்து பயணம், ஏ9 வீதியில் பஸ்ஸில் மேலும் கீழும்.

அட்டை வந்தபின் மற்றவை கடகடவென்று நடந்தன: வங்கிப் புத்தகம், தன் பெயரில் ஒரு சிம் அட்டை, முதலாளியின் லாச்சியில் தங்காமல் கணக்குக்குப் போகும் கூலி. பிறகு மேலும் இருவரோடு சேர்ந்து கரடிப்போக்குப் பக்கம் ஒரு வாடகை அறை. வகுப்பில் நான் படிப்பித்த வரவுசெலவுக் கணக்கு, சொந்தமாகப் பூட்டும் சாவியும் வந்த பிறகுதான் அவனுக்குப் பயன்பட்டது.

இதன் விலை பெரிது. ஒரு வருடத்துக்கு ஓர் ஆள்தான். மூன்றாம் மாதம் என் அழைப்பை எடுக்காமல் விட்டான், காரணம் இன்றுவரை சொல்லவில்லை. கடன் கேட்பார்கள், புத்திமதி சொல்ல நமக்கும் நாக்கு அரிக்கும். பெண்பிள்ளைகளோடு பெண்களே போகவேண்டும். இல்லத்தின் பொறுப்பாளருக்குத் தெரியாமல் எதையும் தொடங்கக்கூடாது. இன்னொன்று, கந்தோர்கள் சனிக்கிழமை திறப்பதில்லை. கிழமை நாளில் அரைநாள் விடுப்பு எடுக்க முடியாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து உதவியாக வரும் தையல் இயந்திரங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வீடில்லாதவளுக்குக் கொடுத்த இயந்திரம் அவள் ஒட்டியிருக்கும் வீட்டாரின் இயந்திரமாகிவிடும். அந்தக் காசை மூன்று மாத அறை வாடகையாகக் கொடுங்கள். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரண்டு கிழமைக்கு வருகிறவர்கள் கூடப் போகும் வேலையைத் தொடவேண்டாம். அறிமுகமாகிவிட்டு விமானம் ஏறும் அண்ணன்மாரை இந்தப் பிள்ளைகள் போதியளவு பார்த்துவிட்டார்கள். வாடகை கொடுக்கலாம், சம்பளச் சீட்டு வகுப்பு ஒன்று எடுக்கலாம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குடியிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமையை விடக்கூடியவர் மட்டும் கந்தோர் வரிசைக்கு வாருங்கள்.

தம்பிக்கு இந்தச் செவ்வாய் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழ் எடுக்கவேண்டும். "நீங்கள் வரவேண்டாம் அண்ணை, நான் போவேன்" என்றான். பஸ் ஏறியதும் அழைப்பதாகச் சொன்னவன் இன்னும் அழைக்கவில்லை. மணி பத்தரை.