சோனி வாக்மேன் டிபிஎஸ்-எல்2: இன்று வாங்க நினைப்போருக்கு

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி வாக்மேன் டிபிஎஸ்-எல்2, பதிவு செய்யும் வசதியே இல்லாமல் கேசட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று மட்டும் உருவாக்கப்பட்ட கையடக்கக் கருவி. அதன் நீல, வெள்ளி நிற உலோக உடலும், உறுதியாகப் பதியும் பொத்தான்களும் இன்றும் கையில் நிறைவைத் தருகின்றன. இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் உண்டு. ஆரஞ்சு நிற ஹாட்லைன் பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, அருகில் இருப்பவரின் பேச்சு மைக் வழியாகக் கேட்கும். நடந்துகொண்டே கேட்பவருக்கு உண்மையிலேயே பயன்படும் வசதி இது, ஆயினும் சாலையைக் கடக்கும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுவதே நல்லது.

இத்தகைய பழைய கருவிகளில் முதலில் தளர்வது உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் என்பதால், அது மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பாட்டு இழுத்து இழுத்து ஒலித்தால் பெரும்பாலும் அதுவே காரணம். டேப் உரசிச் செல்லும் ஹெட்டில் பழுப்புத் துகள் படிந்தால் ஒலி மங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, முழுதும் உலர்ந்த பின்னரே கேசட்டைப் போடவேண்டும். நெடுநாள் பயன்படுத்தாவிடில் இரண்டு ஏஏ பேட்டரிகளையும் எடுத்துவிடுவது கட்டாயம், ஏனெனில் கசியும் இரசாயனம் உள்ளிருக்கும் உலோகத் தகடுகளை அரித்துவிடும். 120 நிமிடக் கேசட்டின் டேப் மிக மெல்லியது, எளிதில் சிக்கிக்கொள்ளும். 60 அல்லது 90 நிமிடக் கேசட்டே இதற்கு ஏற்றது.