ஏலக்காயா, செக்போஸ்ட் பெட்டியா?

கடைசியாக ஒரே ஒரு திருட்டு, அப்புறம் திருந்திவிடலாம் என்று கிளம்பும் அரைகுறைத் திருடர்களை வைத்து நாடகம் போடுவதானால், கதையைக் கேரள எல்லையில், கோவைப் பக்கம் வாளையாரில் வைக்கலாம், தேனிப் பக்கம் குமுளியிலும் வைக்கலாம். (ஆந்திரா பக்கம் செம்மரக் கடத்தல் கதை வேண்டாம். அங்கே போனவர்கள் செத்திருக்கிறார்கள், சிரிப்பு வராது.)

வாளையாரில் ஒரே ஒரு சிரிப்புதான். வணிகவரி செக்போஸ்ட் பணத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்டுப் போனால், 2017-இல் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வசூலே நின்றுபோயிருக்கும். அதோடு கதை படுத்துவிடும்.

என் ஓட்டு குமுளிக்கு. அங்கே திருடப்போவது ஏலக்காய் மூட்டை. ஏலக்காய்க்கு நல்ல விலை. மலையிறங்கிக் கம்பம் வழியாகப் போனால் போடியில் ஏலமே நடக்கிறது. ஆனால் வாசனையை எங்கே ஒளிப்பது? மூட்டையைப் போர்வையில் சுற்றி, "பாட்டியோட துணிதாண்ணே" என்று கண்டக்டரிடம் சொல்லும்போதே, "பாட்டி பாயசத்துலயா குளிக்கும்?" என்பார் முன்சீட்டுக்காரர்.